ஓடைத் தோட்டத்தில் பதினொரு புழுக்கள்

போன மாதம் அரூர் பேருந்து நிலையத்தில் இரண்டு இளம் சுகாதார ஆய்வாளர்கள் என்னை அடையாளம் கண்டு டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போது அவர்கள் பயன்படுத்தும் கைபேசிச் செயலியைக் காட்டினார்கள். கொசுப்புழு எங்கே இருந்தது என்று அது கேட்கிறது. கீழே ஒரு பட்டியல் விரிகிறது: டிரம், தொட்டி, டயர், கொட்டாங்கச்சி. கடைசியில் 'தோட்டம், ஓடை' என்று ஒன்று.

"எங்கன்னு சரியாத் தெரியலன்னா இதப் போட்டுருவோம் சார். யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க" என்றார் ஒருவர்.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து இன்னொருவர் சொன்னார்: "சார், அந்த ஓடைத் தோட்டத்து கேசு நீங்கதானே பாத்தது? ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. நீங்களே எழுதிக் குடுங்களேன்."

அதனால் எழுதுகிறேன். கைபேசியைக் குறைசொல்ல வரவில்லை. எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் பாதி நடை மிச்சமாகியிருக்கும். அறிவுரை சொல்லவும் வரவில்லை. அந்தக் கேசில் நான் செய்தது தப்பு என்று இன்றும் துறையில் சிலர் சொல்கிறார்கள். தப்பில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் மாதையன். கம்பைநல்லூர் பக்கம் விவசாயக் குடும்பம். ஓராண்டுப் பயிற்சியில் கொசுவின் பிறப்பு வளர்ச்சியைச் சுவர்ப் படத்தில் படித்தோம், தேர்வு எழுதினோம், தேறினோம். அவ்வளவுதான் பயிற்சி. வேலையைக் கற்றது அதற்குப் பிறகு, மாவட்டப் பூச்சியியல் அலுவலராக இருந்த வேணுகோபால் சாரிடம்.

ஒல்லியான மனிதர். வெயிலுக்குத் தொப்பி, தோளில் துணிப்பை, அதற்குள் ஒரு வெள்ளை எனாமல் கரண்டி. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மருந்து தெளிக்கும் கூலியாட்களைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். தண்ணீரில் கரண்டி விடுவதை அவர் எங்களுக்குக் காட்டிக்கொடுத்த விதம் இன்னும் என் கையில் இருக்கிறது. சூரியன் நம் முகத்துக்கு நேராக இருக்கும்படி நடந்து போக வேண்டும். முதுகுப்புறம் வெயில் இருந்தால் நம் நிழல் தண்ணீரில் விழும். நிழல் பட்டதும் புழு அடியில் போய்விடும். ஓரத்தில், புல் தொங்கும் இடத்தில், கரண்டியைச் சாய்த்து மெல்ல இறக்க வேண்டும். எடுத்தபின் கலங்கல் தெளியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். மலேரியாக் கொசுவின் புழு தண்ணீர்ப் பரப்போடு படுத்திருக்கும். டெங்குக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இரண்டும் ஒரே தண்ணீரில் வாழ்வது அபூர்வம். சிலுசிலுவென்று ஓடுகிற தண்ணீரில், மீன் இருக்கிற தண்ணீரில், இரண்டாவது வகை இருக்கவே இருக்காது.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு கடத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பதினொரு கிணறுகளைப் பார்க்கச் சொன்னார்கள். ஒன்பதைப் பார்த்தேன். மிச்ச இரண்டும் தூரத்தில் இருந்தன, உச்சி வெயில். பதிவேட்டில் பதினொன்றுக்கும் சைபர் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். மறுநாள் வேணுகோபால் சார் என் பதிவேட்டைப் புரட்டினார். எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது. பத்தாவது வரியில் விரல் வைத்து, "வாங்க மாதையன், இந்தக் கெணத்துக்குப் போலாம்" என்றார்.

நடந்தே போனோம். பத்தாவது கிணற்றில் ஒன்றுமில்லை. பதினோராவது கிணற்றில் வாளி கட்டி இறைத்து எனாமல் தட்டில் ஊற்றினார். தட்டு முழுக்கப் புழு நெளிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். பேருந்து நிறுத்தத்தில் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, "சைபர்னு எழுதறதுதான் நம்ம வேலையிலயே பெரிய கணக்கு மாதையன். அத நம்பி ஒரு ஊரே ஜன்னலத் தொறந்து வெச்சுத் தூங்குது" என்றார். எனக்கு மெமோ கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதை மறந்திருப்பேன்.

அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் நான் பெரிய வீரனாக இருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். எத்தனையோ இடத்தில் தலையாட்டியிருக்கிறேன். அமைச்சர் வருகிறார் என்றால் புழு இருக்கிற தெருவை விட்டுவிட்டு அவர் வருகிற தெருவில் புகை அடித்திருக்கிறேன். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதில்லை. அது ஒன்றைத்தான் என்னிடமிருந்து கேட்டார்கள், ஓய்வுக்கு நான்கு ஆண்டு இருக்கும்போது.

அரூருக்கு வெளியே, சேலம் போகும் சாலையை ஒட்டிப் புதிதாக மனை பிரித்து எழுந்த தெரு. நாற்பது வீடு இருக்கும். மலைச்சரிவிலிருந்து வரும் சின்ன ஓடை ஒன்று அந்த மனைகளின் ஊடே போகிறது. மற்ற எல்லோரும் அதைக் குழாய்க்குள் தள்ளி மேலே மண் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு மனையில்தான் அது வெளிச்சத்தில் ஓடியது. வெளிச்சம் என்று சொல்வதும் தவறு. அந்த மனைக்குள் நட்ட நடுப்பகலிலும் வெயில் இறங்காது. புங்கன், நாவல், நீர்மருது, ஓரத்தில் ஒரு மூங்கில் புதர். கீழே நிழலில் வளர்கிற செடிகள்: பெரணி, சேம்பு, மஞ்சள், வெற்றிலைக்கொடி. நீர்மருது மேல் ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த மிளகுக்கொடி. நடுவே ஓடை கூழாங்கல்லில் சத்தம் போட்டுக்கொண்டு போகும்.

அந்த வீட்டுக்காரர் ரெஜினா அம்மா. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. முன்பே ஒருமுறை ஆய்வுக்குப் போனபோது ஏன் இவ்வளவு மரம் என்று கேட்டிருந்தேன். "முப்பது வருசம் தகரக் கூரைக்குக் கீழ உக்காந்து முத்திரை குத்தினேன் சார். இனிமே நெழல்லதான் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார். தெருவுக்கு அந்தத் தோட்டம் பிடிக்கவில்லை. சருகு பறந்து வருகிறது, பாம்பு வருகிறது, காடு மாதிரி இருக்கிறது என்று ஊராட்சிக்கு மனு மேல் மனு.

ஐப்பசி மழை முடிந்த சமயம் அந்தத் தெருவில் காய்ச்சல் வந்தது. ஏழு பேர் படுத்தார்கள். பதினேழாம் எண் வீட்டில் சுகன்யா என்ற பெண், முப்பத்து நான்கு வயது, சேலத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் இறந்துபோனார். டெங்கு. கணவர் குமரேசன் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை தெரு முழுக்க ரெஜினா அம்மா வீட்டு கேட்டில் நின்றது. எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் என் மேலதிகாரி, பெயர் வேண்டாம்.

"மாதையன், அந்தத் தோட்டத்துலதான் கொசு உற்பத்தின்னு ஒரு ரிப்போர்ட் வேணும். மத்தியானத்துக்குள்ள வந்துரணும். நாளைக்குக் காலைல பொக்லைன் வருது. ஓடைய மூடி, மரத்தையெல்லாம் எடுத்துருவாங்க. ஜனங்க கொதிச்சுப் போயிருக்காங்க."

"போய்ப் பாத்துட்டு எழுதறேங்க சார்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? தண்ணி நிக்குது, இருட்டா இருக்குது. எழுதுங்க."

"தண்ணி நிக்கலைங்க சார், ஓடுது" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

என்னோடு காவேரி வந்தார். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கிற தற்காலிகப் பணியாளர். நாற்பது வயது, கணவரை இழந்தவர். கண் மிகக் கூர்மை. நான் டார்ச் அடித்துத் தேடுவதை அவர் வாசலிலிருந்தே சொல்லிவிடுவார்.

கேட்டில் இருந்த கூட்டத்தைத் தாண்டி உள்ளே போனோம். ரெஜினா அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓடையின் இரு கரையிலும் இருபது இடத்தில் கரண்டி விட்டேன். மீன் குஞ்சு, தலைப்பிரட்டை, தண்ணீர் மேல் ஓடுகிற பூச்சி. கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. சேம்பு இலைக் காம்பின் இடுக்குகளில் சொட்டுக் குழாய் விட்டு உறிஞ்சிப் பார்த்தோம். இல்லை. மரப் பொந்துகளில் டார்ச் அடித்தோம். இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வர ஆரம்பித்தது.

அப்போது காவேரி மூங்கில் புதரிடம் குனிந்தார். வெட்டிய மூங்கில் ஒன்றின் அடித்தூர், அதன் குழியில் மழைத் தண்ணீர். குழாயை விட்டு உறிஞ்சிக் கண்ணாடிக் குடுவையில் விட்டார். தலைகீழாகத் தொங்கின. எண்ணினோம். பதினொன்று.

ரெஜினா அம்மா எழுந்து வந்து குடுவையைப் பார்த்தார். "இத எழுதுவீங்களா சார்?"

"எழுதுவேங்க."

"இத ஒண்ண வெச்சே எல்லா மரத்தையும் சாய்ச்சுருவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தக் குடுவையைக் கீழே கொட்டிவிடலாம் என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. எங்கள் மூவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கொட்டிவிட்டால் தோட்டம் பிழைக்கும். ஆனால் அன்று எனக்கு யாரோடு வழக்கு? பார்க்காததை எழுதச் சொன்ன அதிகாரியோடு. பார்த்ததை எழுதாமல் விட்டுவிட்டு நான் அவரை எந்த முகத்தோடு எதிர்ப்பது? ஒரு கை மணல் அள்ளி அந்தத் தூரில் போட்டு அடைத்தேன். "இதுக்கு இவ்வளவுதாங்க வைத்தியம். மரத்த வெட்ட வேண்டியதில்ல. அதையும் சேத்துத்தான் எழுதுவேன்" என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் ரிப்போர்ட் போகவில்லை. நானும் காவேரியும் தெருவின் மற்ற வீடுகளைப் பார்க்கத் தொடங்கினோம். மொட்டைமாடி டிரம், பறவைக்கு வைத்த மண்சட்டி, கட்டி முடிக்காத வீட்டின் தண்ணீர்த் தொட்டி. கேட்டில் நின்று அதிகம் கத்தியவர் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் புழு இருந்தது. கதவு எண் போட்டு, இடம் போட்டு, ஒவ்வொன்றாக எழுதினேன்.

மாலை நான்கு மணிக்குக் காவேரி சொன்னார்: "சார், பதினேழு மட்டும் பாக்கலைங்க."

"சாவு வூடும்மா."

"அதனாலதாங்க பாக்கணும். அந்த வூட்டுல இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

வாசலில் செருப்பைக் கழற்றினேன். கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். கையில் டார்ச்சோடு அங்கே நுழைந்தபோது வந்ததைப் போல் ஒரு கூச்சம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. குமரேசனின் உறவினர் ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். "இங்க என்னாத்துக்கு வர? அந்தக் காட்டப் போயி வெட்டு போ." குமரேசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை நிமிராமல், "வுடு மாமா, பாக்கட்டும்" என்றார்.

சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி சுவரோடு ஒட்டி நின்றது. அதன் பின்னால் அடியில் தண்ணீர் வடிந்து சேரும் ஒரு தட்டு இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. நானும் காவேரியும் பெட்டியை மெல்ல முன்னால் இழுத்தோம். காவேரி தரையில் படுத்து டார்ச் அடித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

தட்டு நிறைய இருந்தது. புழுவும், புழு முற்றிய கூட்டுப்புழுவும். சுவரில் நான்கைந்து கொசு உட்கார்ந்திருந்தது.

எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை, குமரேசன் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "என்னாங்க அது?"

சொன்னேன். அதைச் சொல்ல இதமான வார்த்தை எனக்குத் தெரியவில்லை, இருந்தபடியே சொன்னேன்.

அவர் குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தார். "அவ வாரவாரம் பின்னாடி போயித் தொடப்பாங்க. நாந்தான், எடம் அடைக்குதுன்னு ஆடி மாசம் செவுத்தோட ஒட்டித் தள்ளி வெச்சேன். அதுக்கப்பறம் அவளுக்குக் கை போவல" என்றார்.

"எந்தக் கொசு கடிச்சுதுன்னு இந்த ஒலகத்துல யாராலயும் சொல்ல முடியாதுங்க. இதுவா இருக்கலாம், பக்கத்து வூட்டு டிரம்மா இருக்கலாம், அந்த மூங்கிலா இருக்கலாம். உங்களாலன்னு நெனைக்காதீங்க" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அதுதான் உண்மை. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. காவேரி தட்டைக் கழற்றிக் கழுவித் துடைத்து மறுபடி மாட்டினார். யாரும் தடுக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு நான்கு பக்க ரிப்போர்ட்டோடு அதிகாரி முன்னால் நின்றேன். புழு இருந்த வீடுகள் எண் வாரியாக. தோட்டத்து மூங்கில் தூர் ஒன்று, அடைக்கப்பட்டது. ஓடையில் இல்லை. மரங்களை அகற்றத் தேவையில்லை.

அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். "நான் கேட்டது இது இல்லையே."

"நான் பாத்தது இதுதாங்க சார்."

"மூங்கில்ல புழு இருந்துதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அது போதும். மத்தத எடுத்துட்டு ஒரு பக்கமா எழுதிக் குடுங்க."

"மத்தத எடுத்தா அது பொய்யுங்க சார்."

"பொண்டாட்டிய எழந்து நிக்கறவன்கிட்ட உன் வூட்டுலதான் கொசு வளந்துச்சுன்னு நான் போயி சொல்லணுமா?"

"நான் சொல்லிட்டேங்க."

அவர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். அவரும் கெட்டவர் இல்லை. அன்று மேலே இருந்து அவருக்கும் நெருக்கடி. "மாதையன், ஓய்வுக்கு நாலு வருசம் இருக்குது. யோசிச்சுக்குங்க."

"வேற யாரையாவது வெச்சு எழுதிக்குங்க சார். என் கையெழுத்து வராது."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பொக்லைன் வந்தது. யாரோ என் ரிப்போர்ட் இல்லாமலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். தெரு முழுக்கக் கூடியிருந்தது. ரெஜினா அம்மா கேட்டுக்கு உள்ளே நின்றார், வெளியே பார்க்காமல் ஓடையைப் பார்த்தபடி. நான் கேட்டுக்கு முன்னால் போய் நின்று ரிப்போர்ட்டின் நகலைப் பிரித்தேன். நடத்தை விதிப்படி அதைப் பொதுவில் படிக்கக்கூடாது. படித்தேன்.

"மூணாம் நம்பர் வூடு, மாடி டிரம். ஆறாம் நம்பர், பூந்தொட்டித் தட்டு. ஒம்பது, தண்ணித் தொட்டி."

முதலில் சத்தம் எழுந்தது. ஆறாம் நம்பர்க்காரர் பொய் என்றார். காவேரி நேற்று அவர் வீட்டில் எடுத்த புழுக் குடுவையை, எண் ஒட்டியபடி, தூக்கிக் காட்டினார். சத்தம் கொஞ்சம் குறைந்தது. தொடர்ந்து படித்தேன். பதினான்கு வந்தது. அடுத்தது பதினேழு. அதைத் தாண்டி இருபத்தொன்றுக்குப் போனேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து குமரேசன் சொன்னார்: "ஒண்ண வுட்டுட்டீங்க சார். பதினேழையும் படிங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அவரே முன்னால் வந்தார். "என் வூட்டு ஃபிரிட்ஜு தட்டுல இருந்துச்சு. நானே பாத்தேன். இந்தம்மா மரத்த வெட்டணும்னா மொதல்ல என் வூட்ட இடிங்க."

பொக்லைன் ஓட்டுநர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, யாரிடமும் கேட்காமல், வண்டியைப் பின்னால் எடுத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. பொதுமக்களின் விவரங்களை வெளியிட்டதற்காக எனக்கு மெமோ வந்தது. 'பார்த்ததை எழுதினேன், எழுதியதைப் படித்தேன்' என்று இரண்டு வரியில் பதில் கொடுத்தேன். மலை மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ரெஜினா அம்மா ஓராண்டு என்னோடு பேசவில்லை. அந்தப் பதினொரு புழுவை எழுதியதை அவர் மன்னிக்கவில்லை. தோட்டம் இருக்கிறது, ஓடையும் இருக்கிறது. மிளகுக்கொடி காய்த்துவிட்டதாகக் கேள்வி. குமரேசன் அந்த வீட்டை விற்றுவிட்டுச் சேலம் போய்விட்டார்.

எனக்கு வலித்தது வேறொன்று. அடுத்த மாதப் பணியாளர் பட்டியலில் காவேரி பெயர் இல்லை. நான் நிரந்தர ஊழியன், என்னை மாற்றத்தான் முடியும். அவரை ஒரு வரியில் நீக்கிவிட்டார்கள். நான் காட்டிய வீம்புக்கு அவர் வீட்டு அடுப்பு அணைந்தது. வாரம் ஒருமுறை மலையிலிருந்து இறங்கி அலுவலகத்துக்குப் போய் நின்றேன். ஏழு மாதம். "என்னாங்க மறுபடியும் வந்துட்டீங்க" என்று சிப்பந்திகள் சலித்துக்கொண்டார்கள். எட்டாம் மாதம் என் தொல்லை தாங்காமல் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று விழா வைத்தார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் அச்சடித்த வாழ்த்து மடலைப் படித்தார். 'மேலதிகாரிகளின் ஆணைக்கு என்றும் கீழ்ப்படிந்து நடந்தவர்' என்று ஒரு வரி. எல்லா மடலிலும் வருகிற வரிதான். நான் எழுந்து மைக்கை வாங்கினேன்.

"ஒரு சின்னத் திருத்தங்க. என்றும் இல்லை. ஒருக்கா கீழ்ப்படியலை. அது இதுல வரணும். என்கூட இன்னொருத்தரும் கீழ்ப்படியலை. அவங்க பேரும் வரணும்."

கடைசி வரிசையிலிருந்து காவேரியின் குரல் வந்தது: "என் பேரச் சொல்லாதீங்க சார். எனக்கு நாளைக்கும் வேலை இருக்குது."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இதை எழுதுவதற்கு முன் அவருக்குப் போன் செய்தேன். போன வருடம் அந்த வேலையை விட்டுவிட்டார், மகளோடு இருக்கிறார். இப்போது பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"போடுங்க சார்" என்றார். "அந்த மூங்கிலக் கண்டுபுடிச்சதும் நான்தான்னு சேத்துப் போடுங்க."